புதுசா பழசா என்று கேட்காத மனிதர்

துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தால் போதும், எதிரில் இருப்பவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, "எத்தனை சுட்டிருக்கீங்க?" என்று கேட்பார். எங்கள் கடையின் பின்பக்கம் ஒரு மணல் மூட்டை இருந்தது. ரிப்பேர் பார்த்த துப்பாக்கியைச் சோதிக்க அதில்தான் சுடுவோம். அதைத் தவிர என் வாழ்நாளில் ஒரு காக்கையைக்கூட நான் சுட்டதில்லை. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் வாடிவிடும். அவருடைய திருப்திக்காகவாவது ஒரு பன்றியைச் சுட்டிருக்கலாமோ என்று எனக்கே தோன்றிவிடும்.

போன மாதம் இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் போனில் பேசினார். இப்போது வாங்க வருகிறவர்கள் செல்போனில் வீடியோ பார்த்து, எது வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் கடைப் படியே ஏறுகிறார்களாம். "அஞ்சு நிமிஷத்துல வியாபாரம் முடிஞ்சிடுது சார்" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அது நல்லதில்லை என்றேன் நான். ஏன் என்று கேட்டார். போனில் சொல்ல வரவில்லை. "அப்போ எழுதுங்க சார்" என்றார். சரி என்றேன். எனக்கும் பொழுது போக வேண்டும். என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்பது டிவியில் வருவதுதான்.

நான் கடைக்கு வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். செஞ்சியில் துப்பாக்கிக் கடைக்கு ஆள் தேவை என்றார்கள், வந்தேன். முதல் சில வருடங்கள் துரு எடுத்தேன், எண்ணெய் போட்டேன், ஸ்பிரிங் மாற்றினேன், திட்டு வாங்கினேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது முதலாளியைப் பற்றித்தான். எல்லோரும் அவரைச் சிங் முதலாளி என்பார்கள். எந்தக் காலத்திலோ செஞ்சிக் கோட்டைக்கு வேலைக்கு வந்த குதிரைப் படைக்காரர்களின் வழி வந்தவர். பெயரைக் கேட்டுவிட்டு வெளியூர் அதிகாரிகள் அவரிடம் இந்தியில் ஆரம்பிப்பார்கள். "இன்னா சார் சொல்றீங்க, தமிழ்ல சொல்லுங்க" என்பார் இவர். பெரிய மீசை, சின்னக் குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகிவிடும். அவர் சத்தமாகப் பேசினால் நான் நிம்மதியாக இருப்பேன்.

அவர் துப்பாக்கி விற்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பார். பிறகு மேஜை மேல் கம்பளியை விரித்து, இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வைக்கச் சொல்வார். இடது பக்கம் புதுசு, வலது பக்கம் பழசு. இரண்டும் நடுவில் மடிகிற ஒற்றைக் குழல் துப்பாக்கிதான். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்காகக் கிடைக்கிற லைசென்ஸுக்கு அதுதான் பொருத்தம். பெரும்பாலும் வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பன்றியை விரட்டத்தான் அது பயன்படும். இரண்டையும் வைத்த பிறகு முதலாளி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். வெற்றிலை வாயில் இருக்கிற வரைக்கும் பேச மாட்டார். என்னையும் பேச விட மாட்டார்.

வந்தவர் தானாகவே பார்க்க வேண்டும். பார்ப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்களுக்குத் துப்பாக்கி பார்க்கவா சொல்லித் தர வேண்டும்? புதுசை எடுத்ததும் முகம் மலரும். கறுப்பு மெருகு மினுக்கும், எண்ணெய் வாசனை தூக்கும். ஆனால் மடக்கினால் முறுக்கிக்கொள்ளும், விசை இழுக்க விரல் நோகும். கட்டை, அதாவது தோளில் சாய்க்கிற மரம், சரியாகக் காயாததாக இருந்தால் செஞ்சி வெயிலில் முதல் கோடையிலேயே சுருங்கி இடைவெளி விட்டுவிடும். இங்கே பாறையெல்லாம் சேர்ந்து அனல் கக்குகிற ஊர். பழசோ கைக்கு உடனே பணியும். இன்னொருவர் கன்னம் பட்டுப் பட்டுக் கட்டை வழவழவென்று இருக்கும். ஆனால் மடக்கு மூட்டில் ஆட்டம் இருக்கலாம். குழலுக்குள் அரிப்பு இருக்கலாம். மூடிய துப்பாக்கியைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் ஆட்டம் தெரிந்துவிடும். அரிப்பைப் பார்க்கக் குழலைப் பின்வாசல் பக்கம் நீட்டி ஒரு கண்ணை மூட வேண்டும். எதிரே ராஜகிரி மலை. உள்ளே சுத்தமாக இருந்தால் குழல் முழுக்க வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். அரித்திருந்தால் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.

என்னைக் கேட்டால், துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்னால் அதை வைத்திருந்த ஆளை விசாரிக்க வேண்டும். ஒழுங்கான ஆள் வைத்திருந்த பழசு, அவசரத்தில் செய்த புதுசை விட நூறு மடங்கு மேல். யார் வைத்திருந்தார் என்றே தெரியாத பழசைத் தொடவே கூடாது. முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற சாமான். இதில் மலிவு பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

வந்தவர் ஒரு முடிவுக்கு வந்ததும் முதலாளி எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வூட்ல எங்க மாட்டுவ?"

இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். கொட்டகையில் ஆணி அடித்து வைத்துவிட்டேன் என்பார்கள். பசங்க கைக்கு எட்டாமல் பீரோ மேலே என்பார்கள். தோட்டாப் பெட்டிச் சாவி பெண்டாட்டி இடுப்பில் இருக்கும் என்பார்கள். துப்பாக்கி வாங்க நினைத்த நாளிலிருந்தே அது இருக்கப் போகிற இடத்தையும் மனிதன் நினைத்துக்கொண்டுதான் இருப்பான் என்பது முதலாளியின் கணக்கு. பதில் வராவிட்டால் அன்றைக்கு வியாபாரம் இல்லை.

இந்த முறையெல்லாம் எதற்கு என்று எனக்கே வெகுநாள் புரியவில்லை. தொண்டூரிலிருந்து ஏழுமலை என்ற விவசாயி வந்த அன்றுதான் புரிந்தது.

ஏழுமலைக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். கோணியில் சுற்றி ஒரு ரைஃபிளைக் கொண்டுவந்திருந்தார். பிரித்ததும் முதலாளி வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார். வெளிநாட்டுச் சாமான். விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம். அதில் விரல்களை நுழைத்துக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். லீவர் ரைஃபிள் என்று சொல்வோம். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் மான் துப்பாக்கி என்பார்கள். மான் வேட்டைக்குத் தடை இல்லாத காலத்தில் ஏழுமலையின் அப்பா வாங்கியது. இன்றைக்கு மானைச் சுட்டால் ஜெயில். அந்த ரைஃபிளுக்குத் தோட்டா கிடைத்தே பல வருடங்கள் ஆகியிருந்தது. நைனா காலத்துச் சொத்து என்று லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"இத்த நீங்களே வச்சிக்கினு, சுடற மாதிரி ஒண்ணு குடுங்க மொதலாளி" என்றார்.

வழக்கம்போல இரண்டையும் எடுத்து வைத்தேன். அவர் இரண்டையும் பார்க்கவில்லை. பின்வாசல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி வெற்றிலையை மென்று முடித்தும்விட்டார். ஏழுமலை கையை நீட்டவே இல்லை.

"புதுசு வோணுமா, பழசு வோணுமா?" முதலாளிதான் கேட்க வேண்டியதாகிவிட்டது.

"எது இன்னிக்கே கெடைக்கும்?"

"வூட்ல எங்க மாட்டுவ?"

"மாட்றதுக்கு இன்னா இருக்குது."

முதலாளியின் குரல் சின்னதாகிவிட்டது. "மல்லாட்ட எத்தினி ஏக்கர் போட்டுருக்க?"

"இந்த வருசம் ஒண்ணும் போடல. நெலம் சும்மாதான் கெடக்குது."

மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அதுகூட நிலத்தில் இல்லை. பயிரே இல்லாதவருக்குப் பன்றியை விரட்டத் துப்பாக்கி எதற்கு? கையிலிருந்த எண்ணெய்த் துணியை நான் கீழே போட்டுவிட்டேன். முதலாளி மட்டும் ஒன்றும் நடக்காதது போல அவருடைய கையைப் பிடித்து நீட்டிப் பார்த்தார்.

"உன் கை ரொம்ப நீளம்பா. இந்தக் கட்ட உனுக்கு எட்டாது. மரம் வேற போடணும். ஆபீஸ்ல வேற எழுதி வாங்கணும். ரைஃபிளு, புஸ்தகம் ரெண்டயும் வச்சிட்டுப் போ. மூர்த்தி வந்து அளவு எடுப்பான்" என்று என்னைக் காட்டினார்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வாசலைத் தாண்டியதும் முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இது பன்னிக்கில்ல மூர்த்தி. அவனுக்கே கேக்கறான்."

"அப்போ இல்லன்னு சொல்லி அனுப்பிடலாமே மொதலாளி."

"இல்லன்னா வேற கடைக்குப் போவான். இல்ல, வேற வழி பாப்பான். வேல நடக்குதுன்னா இங்க வருவான். வரட்டும்."

மறுநாளே நான் தொண்டூருக்குப் போனேன். ஊருக்கு வெளியே, நிலத்தை ஒட்டிய ஒற்றை வீடு. வாசலைக் கூட்டி வைத்திருந்தார். மாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. மனைவி இறந்து வருடம் திரும்பவில்லை. மகன் சென்னையில். சொத்து விஷயமாக ஏதோ வாய்த்தகராறு, அதோடு போன் பேச்சும் நின்றுபோயிருந்தது. மாட்டை விற்றாயிற்று, பாத்திரங்களை அக்கா மகளுக்குக் கொடுத்தாயிற்று. எனக்கு டீ போட்டார். வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு டம்ளர். நான் குடித்து முடித்த பிறகு அதையே கழுவி அவர் குடித்தார்.

டேப்பை எடுத்து முழங்கையிலிருந்து விரல் வரை அளந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எனுக்கு இன்னாத்துக்குப்பா அளவு? ஒரு வாட்டிக்கு எந்தக் கட்டயா இருந்தா இன்னா?"

படித்தவனாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. "மொதலாளி திட்டுவார்ண்ணா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அளந்தேன். அப்புறம் இடது கையையும் அளந்தேன். இடது கைக்கும் துப்பாக்கிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

முதலாளி சும்மா இருக்கவில்லை. மகனுக்குப் போன் பண்ணிக் கெஞ்சினார், திட்டவும் செய்தார். மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவோடு சாப்பிட்டுவிட்டுப் போனான். பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்லி ராத்திரியில் ஏழுமலையின் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். இதையெல்லாம் ஏழுமலையிடம் அவர் மூச்சு விடவில்லை. அவரிடம் சொன்னது ஒன்றுதான். "வெள்ளிக்கெழமைல வா. சந்தைக்கு வர்ற மாதிரி வந்துட்டுப் போ. வேல எந்த மட்டுல இருக்குதுன்னு பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை செஞ்சியில் ஆட்டுச் சந்தை. கூட்டமும் புழுதியும் அடங்கிய பிறகு ஏழுமலை வருவார். நான் இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்து வைப்பேன். முதலாளி அன்றைக்கு மட்டும் வெற்றிலை போட மாட்டார். வாய் ஓயாமல் பேசுவார். ஒரு வெள்ளி, புதுசு மாதிரி வருமா என்பார். அடுத்த வெள்ளி, பழசை அடித்துக்கொள்ள முடியாது என்பார். போன வாரம் சொன்னதற்கு நேர் எதிராக இந்த வாரம் பேசுவார், கொஞ்சமும் வெட்கமே இல்லாமல். எனக்கே சிரிப்பு வரும். ஏழுமலை சிரிக்க மாட்டார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், டீ குடிப்பார், கடைசி பஸ்ஸுக்குப் போவார். துப்பாக்கியை மட்டும் தொட மாட்டார்.

வெள்ளி நெருங்க நெருங்க எனக்குப் பதற்றமாக இருக்கும். பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். வராமல் போய்விட்டால் என்ன செய்வோம் என்று ஒரு நாள் முதலாளியிடம் கேட்டேன். அவர் கம்பளியில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். கட்டையைச் செதுக்குகிறேன் என்ற பெயரில் நான் ஒரே மரத்தைத் தேய்த்துத் தேய்த்து அது கைத்தடி அளவுக்கு வந்துவிட்டது.

ஆடி மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி பழசுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். குழல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். பொய்தான். உண்மையில் குழலின் நடுவில் அரிப்பு உண்டு. ஏழுமலை சட்டென்று கையை நீட்டித் துப்பாக்கியை எடுத்தார். நான் தோட்டா அலமாரியின் முன்னால் போய் நின்றுகொண்டேன். பூட்டித்தான் இருந்தது, ஆனாலும் நின்றேன். அவர் துப்பாக்கியை மடக்கி, பின்வாசல் பக்கம் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா மொதலாளி இது? உள்ள பொரி பொரியா இருக்குது! இத்தப் போயி கண்ணாடின்றீங்க. யார ஏமாத்தப் பாக்கறீங்க?"

நல்ல கோபம். முகம் சிவந்துவிட்டது. இப்படி ஒரு சாமானைத் தலையில் கட்டப் பார்த்தீர்களே என்று கடை அதிரக் கத்தினார். அந்தக் கோபத்தில் நாளையும் மறுநாளும் இருந்தது. இந்தக் குழல் இன்னும் ஐந்து வருடம் தாங்குமா என்று கவலைப்படுகிறவரின் கோபம் அது. முதலாளி எழுந்து உள்ளே போனார். நான் எட்டிப் பார்த்தேன். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்தவர், மறுபடியும் கழுவினார்.

திரும்பி வந்து, "மன்னிச்சிக்கப்பா, நான் சரியாப் பாக்கல" என்றார்.

அந்த ஆடியில் ஏழுமலை மல்லாட்டை விதைத்தார். அதற்குப் பிறகு ஒரு வெள்ளியில், துப்பாக்கி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "வூட்டம்மா பொடவைங்க பொட்டி நெறய இருந்துச்சு. கொல்லய சுத்திக் கட்டிட்டேன். பன்னி கிட்ட வர்றதில்ல." என்னோடு ஆபீஸுக்கு வந்து லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார், ரைஃபிளையும் எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் பாரம் இறங்கின களை தெரிந்தது. மகன் பேச ஆரம்பித்திருந்தான். அறுவடைக்குப் பிறகு அவர் கடைக்கு வருவதும் நின்றது. வராதது எங்களுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அவரிடம் நாங்கள் ஒன்றும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஏமாற்றிக் காப்பாற்றினோம் என்றுதான் நானும் முதலாளியும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலாளி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று கடையை மூடிவிட்டார்கள். நான் வீட்டோடு இருந்தேன். சென்ற வருடம் என் மனைவி வசந்தா போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, மகளும் ஓமனுக்குத் திரும்பிய பிறகு, நான் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். யாராவது தட்டினால் திறக்காமல் இருந்ததும் உண்டு. சாப்பாடு ஞாபகம் வந்தால் சாப்பிடுவேன். ஒரு தனிமைக்குள் இறங்கிவிட்டால் அது எவ்வளவு வசதியாக இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதுதான் அதிலுள்ள பயங்கரமும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கதவைத் தட்டும் சத்தம் நிற்கவே இல்லை. எரிச்சலோடு திறந்தேன். ஏழுமலை நின்றிருந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தது, கையில் கோல். எப்படித் தெரிந்தது, யார் சொன்னார் என்று ஒன்றும் சொல்லவில்லை. துக்கமும் விசாரிக்கவில்லை. நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா மூர்த்தி, துப்பாக்கி ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதா?"

லைசென்ஸே இல்லாத மனிதர். பஸ் படியேறவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய வயசு. அவருக்குத் துப்பாக்கி எதற்கு? நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் பார்வையை எடுக்கவில்லை. அன்றைக்கே, அந்த இடது கையை அளந்தபோதே, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்துதான் வாராவாரம் வந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வசந்தா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அழுது முடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்து இரண்டு பேருக்கும் டீ போட்டேன். குடித்துவிட்டுக் கோலை ஊன்றி எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"இன்னா, ஒண்ணும் சொல்லலியே?"

"அவசரப்பட்டு முடிவு பண்ற விசயமாண்ணா இது?" என்றேன். "அடுத்த வெள்ளிக்கெழம வாங்க, பாக்கலாம்."